சாம்பாருக்கு எத்தனை பாயிண்ட்?

சாப்பாட்டுக்கு மார்க் போடும் வியாதி மொபைல் இருக்கிற இடத்துக்கெல்லாம் வந்துவிடும். வள்ளூர் மட்டும் விதிவிலக்கா என்ன?

1963இல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற குடும்பத்தலைவி தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் கம்பெனி 1990களில் கொண்டு வந்தது இந்த பாயிண்ட் முறை. 50 கலோரிக்கு 1 பாயிண்ட், 12 கிராம் கொழுப்புக்கு 1, நார்ச்சத்து இருந்தால் கொஞ்சம் கழிவு. காலையிலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும், கோட்டாவைத் தாண்டக்கூடாது. பார்த்தால் நல்ல கணக்குதான். தின்பதை எழுதி வைக்கிறவன் கொஞ்சமாவது குறைத்துத் தின்பான், அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்காகப் போட்டது. குழம்புச் சட்டிக்குப் பின்பக்கம் ஏது? மீஞ்சூர் ரோட்டில் கண்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு, எப்போது நகருமோ என்று ஒரு கண்ணை வண்டி மேலேயே வைத்துக்கொண்டு பார்சலைப் பிரிக்கும் டிரைவர், சாம்பாரில் எண்ணெய் எத்தனை ஸ்பூன் என்று யாரைக் கேட்பார்? 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிற ஊர். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற காண்டிராக்ட் தொழிலாளிக்கு காலை ஆறு மணிச் சாப்பாடு நேற்றைய கணக்கா, இன்றைய கணக்கா? ஆப்புக்கு நாள் நள்ளிரவில் முடிகிறது. அவருக்கு எப்போது முடிகிறது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் 40 கலோரி. ஷிப்டில் நாலு டீ அடித்தால் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி, மூன்று பாயிண்ட் காலி. சரி, டீயை விடச் சொல்லலாம். அந்த டீ தாகத்துக்கா குடிக்கிறார்கள்? தூக்கத்தை விரட்டவும், நேரத்துக்குச் சோறு கிடைக்காத வயிற்றைச் சமாதானப்படுத்தவும்தானே! அதற்கு எந்தப் பட்டியலில் பாயிண்ட் இருக்கிறது?

கணக்காவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2010 கடைசி வரை பாயிண்ட் வாங்கிய வாழைப்பழம் அதன் பிறகு திடீரென்று பூஜ்யம். 2015இல் மறுபடி சூத்திரம் மாறியது. எந்த ஆடிட்டராவது இப்படிப் புத்தகத்தை மாற்றி எழுதினால் சும்மா விடுவார்களா? இன்னொரு கூத்து, 1978இல் இந்தக் கம்பெனியை வாங்கியது ஹைன்ஸ். ஆமாம், கெச்சப் விற்கிற அதே ஹைன்ஸ்தான்! தின்ன வைப்பதிலும் காசு, குறைக்கச் சொல்வதிலும் காசு. கடைசியில் எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்து வாடிக்கையாளர்களை இழுத்துக்கொள்ள, 100 கோடி டாலருக்கும் மேல் கடனோடு 2025 மே மாதம் திவால் மனு போட்டது.

இதில் எரிச்சல் ஒன்றுதான். தொப்பை போட்டவனுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று பழி அவன் தலையில் விழுகிறது. சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது அவனா? 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் வேண்டும், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பு, காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து 100 பேர் என்று கேண்டீன் வரம்பை இறக்கியிருக்கிறது. மார்க் போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் அந்தக் கேண்டீனுக்குப் போடுங்கள். கீரை உண்டா, சுண்டல் உண்டா, அரை மணி நேரம் உட்கார பெஞ்ச் உண்டா?