வணிகவியல் மாணவருக்கு நான்காம் ஆண்டு: உயர்கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கர்நாடக மாநில உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

பெங்களூருவின் லிங்கராஜபுரத்திலும் அதை அடுத்த காக்ஸ் டவுன், கம்மனஹள்ளிப் பகுதிகளிலும் வாழும் குடும்பங்களில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுள் தமிழ் பேசும் வீட்டினரும் கணிசமானோர். நாகவாராவின் மான்யதா டெக் பார்க் போன்ற வளாகங்களில் இயங்கும் அலுவலகங்கள் அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளையும் வரிப் படிவங்களையும் இங்கிருந்தே முடித்துத் தருவதால், தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையை அந்நாட்டில் வழங்கும் சி.பி.ஏ. (சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர்) உரிமம் இம்மாணவர்களால் இப்போது பெரிதும் நாடப்படுகிறது. அதற்கான தேர்வைப் பெங்களூருவிலும் சென்னையிலுமே எழுதும் வாய்ப்பு 2020இல் அறிவிக்கப்பட்டதால், வெளிநாடு சென்று எழுத வேண்டிய செலவு நீங்கிவிட்டது. நீங்காமல் நிற்பது கல்வித் தகுதி பற்றிய தடையாகும். அதன் ஒரு பகுதி மாநில அரசின் முடிவொன்றிலிருந்தே எழுவதால் இம்மடல் அமைச்சர் அவர்களுக்கு எழுதப்படுகிறது.

தேர்வு அமெரிக்கா முழுமைக்கும் ஒன்றே. மூன்று அடிப்படைத் தாள்களும் விருப்பப் பிரிவில் ஒரு தாளும் கொண்ட அதில் ஒவ்வொரு தாளிலும் 75 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. ஆனால் உரிமத்தை வழங்குவது அந்நாட்டின் நடுவண் அரசு அன்று. 1896இல் நியூயார்க் மாநிலம் முதற்சட்டம் இயற்றிய காலந்தொட்டு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிக் கணக்கியல் வாரியம் அமைத்துக்கொண்டதால், 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் குவாம், போர்ட்டோ ரிகோ முதலிய ஆட்சிப்பகுதிகளுமாக இன்று 55 உரிம எல்லைகள் உள்ளன. ஒரு வாரியம் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கிறது, மற்றொன்று கேட்பதில்லை. ஒன்று தனி அறநெறித் தேர்வை வைக்கிறது, மற்றொன்று வைப்பதில்லை. கணக்கியல் பாடங்களில் இத்தனை மதிப்பலகு வேண்டும் என்ற விதியும் இடத்திற்கு இடம் மாறுகிறது. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வழியற்ற மாணவர், கட்டணம் வாங்கும் பயிற்சி மையம் காட்டும் மாநிலத்தையே தேர்ந்தெடுத்து, அதன் விதி தமக்குப் பொருந்தாது என்பதைத் தேர்வு முடிந்த பின்னரே அறிய நேர்கிறது.

இந்த வேறுபாடுகளுக்கிடையே பொதுவாக நிற்பது மதிப்பலகு என்னும் அளவுகோல். மதிப்பலகு என்பது ஒரு பாடத்தைப் படித்த நேரத்தைக் குறிக்கும் கல்வி அலகாகும். முழுநேரக் கல்லூரிப் படிப்பின் ஓராண்டு ஏறத்தாழ 30 மதிப்பலகாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் தேர்வெழுத 120 மதிப்பலகும் உரிமம் பெற 150 மதிப்பலகும் கேட்டுவந்தன. மூன்றாண்டு பி.காம். தருவது 90 மட்டுமே. எனவே இரண்டாண்டு எம்.காம். முடித்து 150ஐ எட்டுவதே இதுவரை வழக்கமான வழியாக இருந்தது.

அந்த வழி இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. ஒகையோ மாநிலம் 2025 ஜனவரியில் இயற்றிய சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் இளநிலைப் பட்டமும் ஈராண்டு பணி அனுபவமும் தேர்ச்சியும் இருந்தால் 150 மதிப்பலகு இல்லாமலே உரிமம் பெறலாம். வேறு பல மாநிலங்களும் அதே திசையில் சட்டம் இயற்றியுள்ளன. அங்கே இளநிலைப் பட்டம் என்பது நான்காண்டுப் படிப்பு. மூன்றாண்டுப் பட்டத்தை அதற்கு நிகராகக் கொள்வதா என்பது அயல்நாட்டுப் பட்டங்களை எடைபோடும் மதிப்பீட்டு அமைப்பையும் வாரியத்தையும் பொறுத்தது. ஆகவே இந்தத் தளர்வின் பயன் நான்காண்டு படித்தவருக்கே உறுதியாகக் கிடைக்கிறது.

இந்தத் தறுவாயில்தான் கர்நாடகம் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. 2021இல் நாட்டிலேயே முதல் மாநிலமாக நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தை ஏற்ற இம்மாநிலம், 2024–25 கல்வியாண்டு முதல் மூன்றாண்டுப் பட்டத்திற்குத் திரும்பியது. வறிய வீட்டுப் பிள்ளை ஓராண்டு முன்னதாகப் பட்டம் பெற்று வேலைக்குப் போக வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதை எவரும் இலேசாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் மூன்றாம் ஆண்டில் பட்டத்துடன் வெளியேறும் வழியை வைத்துக்கொண்டே, விரும்புவோர்க்கு மட்டும் நான்காம் ஆண்டைத் திறந்து வைத்தால் அந்தக் கவலைக்கு இடமிராது. நான்காம் ஆண்டை அறவே மூடினால் இழப்பு, தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்தையோ எம்.காம். படிப்பின் கூடுதல் ஆண்டையோ தாங்க முடியாத அதே வறிய வீட்டுப் பிள்ளையையே சேரும்.

இதே அரசின் 2024–29 உலகளாவிய திறன் மையக் கொள்கை 2029க்குள் 500 புதிய மையங்களை இங்குக் கொண்டுவர இலக்கு வைக்கிறது. அயல்நாட்டு நிறுவனங்களின் நிதிப் பணிகளை நடத்தும் அம்மையங்களுக்கு ஏற்ற கணக்காளரை உருவாக்கும் பட்டத்தை அரசின் மற்றொரு கை சுருக்குவது, இரு துறைகளும் கலந்து பேசியிருந்தால் நேர்ந்திராது.

கணக்காளர் உரிமத்தில் இந்தியாவும் ஒருகாலத்தில் இன்றைய அமெரிக்காவைப் போலவே பிரிந்து கிடந்தது. 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்த் தணிக்கையாளர் சான்றிதழை மாகாண அரசுகளே வழங்கின. அவற்றுள் கட்டுப்பாடுடைய சான்றிதழ் பெற்றவர் தம் மாகாணத்திற்கு வெளியே தணிக்கை செய்ய இயலவில்லை. 1932இல் அப்பொறுப்பை மத்திய அரசு ஏற்றது. 1949இல் பட்டயக் கணக்காளர் கழகம் அமைந்து, நாடு முழுமைக்கும் ஒரே தகுதி நிலைபெற்றது. அமெரிக்க வாரியங்களை இணைப்பது கர்நாடக அமைச்சரால் ஆகக்கூடியதன்று. இந்தியப் பட்டயக் கணக்காளர் தகுதியை அமெரிக்கா ஏற்கும் உடன்பாடு இல்லாமையும் டெல்லி பேசித் தீர்க்க வேண்டிய பொருள். ஆனால் பல்கலைக்கழகங்கள் மாநில அரசின் எல்லைக்குள் இருப்பவை. அங்கே செய்யத்தக்கவை உள்ளன.

மதிப்பீட்டு அமைப்புகளுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியல், அதாவது டிரான்ஸ்கிரிப்ட், பாடவாரியாக மதிப்பலகைக் காட்டுவதாகவும் குறித்த நாட்களுக்குள் கிடைப்பதாகவும் அமைய வேண்டும். மாணவரின் பெயரும் கவனத்திற்குரியது. தந்தை பெயரை ஒற்றை எழுத்தாக முன்னிடும் தமிழ் வழக்கால் மார்க்ஸ் கார்டில் ஒரு வடிவமும் பாஸ்போர்ட்டில் விரித்த வடிவமும் அமைகின்றன. தேர்வுக் கூடத்திலோ அனுமதிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்தியாக வேண்டும். இரண்டும் ஒருவரே என்று சான்றளிக்கும் படிவத்தைப் பல்கலைக்கழகமே வழங்கினால் நோட்டரி வாசலில் நிற்கும் அலைச்சல் குறையும். ஒவ்வோர் அமெரிக்க வாரியத்தின் விதியையும் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கையேடு ஒன்றை அரசுக் கல்லூரிகளில் கட்டணமின்றித் தருவதும் பெருஞ்செலவன்று.

வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன், வணிகவியல் துறைக்கேனும் விருப்ப நான்காம் ஆண்டை மீட்டளிக்கும் ஆணையை அமைச்சர் அவர்கள் பிறப்பிக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டப்படுகிறது.