கண் மை கலைக்கும்போது எரியுதா? எண்ணூர் வாயுக் கசிவிலும் இருப்பது இதே வேதியியல்தான்

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அம்மோனியா கண்ணீரில் கரைந்தால் காரத்தன்மை கூடும். அதைக் கண் தாங்காது. ரொம்பச் சின்ன அளவில், சோப்பு போட்டு மை கழுவும்போது நடப்பதும் இதுதான்.

சோப்பு ஏன் எரிகிறது?

கண்ணீரின் பிஎச் சுமார் 7.4. சாதாரணக் குளியல் சோப்புக்கு 9 முதல் 10 வரை.

மை எப்படிக் கலையும்?

வாட்டர்புரூஃப் மையில் மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். தண்ணீருக்கு அது மசியாது, எண்ணெய்தான் கரைக்கும். அதனால்தான் பல ரிமூவர்கள் இரண்டு அடுக்காக வருகின்றன: மேலே லேசான எண்ணெய், கீழே பிஎச்சும் உப்பும் கண்ணீரை ஒட்டிய தண்ணீர். குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் சில விநாடி வைத்துத் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

எதைப் பார்த்து வாங்குவது?

வாசனைப் பொருள், ஆல்கஹால், சோடியம் லாரில் சல்பேட் இல்லாதது நல்லது. ஆனால் தண்ணீர் உள்ள பொருளில் கிருமி வளரும். அதனால் பிரிசர்வேட்டிவ் இருப்பது குறையல்ல.

மை போடாத நாளிலும் எரிகிறதா?

அப்படியென்றால் ரிமூவர் மட்டும் காரணமாக இருக்காது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டிவிடுங்கள். வாயுக் கசிவு என்றால் அந்த இடத்தை விட்டு விலகி, சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கண்ணைக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.