ஸ்விஃப்ட் வாங்குவோருக்கு: தேவை எது, பகட்டு எது?

 

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை, ஒரே பைக்கில் நால்வராகச் சென்றுவந்த குடும்பங்கள் பல இன்று கார் வாங்கும் நிலைக்கு உயர்ந்துள்ளன. அல்ஹம்துலில்லாஹ். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது அவர்களுக்கு ஆறுதல். அவர்களுள் பலரின் கண் முதலில் செல்வது மாருதி சுசுகி ஸ்விஃப்டின் மீதுதான். 2005இல் இந்தியாவுக்கு வந்த நாள் முதலாகவே அதன் தோற்றத்திற்கு ஒரு மவுசு உண்டு. ஆனால், எந்தக் கார் என்பதில் உறுதியாக இருப்பவர்களும், அதில் எந்த வகை என்னும்போது தடுமாறுகின்றனர்.

2024 மே மாதம் வெளியான நான்காம் தலைமுறை ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் எனப் படிகள் உள்ளன. அறிமுகத்தின்போது கீழ்ப்படியின் ஷோரூம் விலை 6.49 லட்சம்; மேற்படியின் விலை 8.99 லட்சம். இந்த இரண்டரை லட்சத்திற்கு நமக்குக் கிடைப்பது என்ன?

உயிர்காக்கும் கருவிகள் அல்ல. ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி, எல்லா இருக்கைகளுக்கும் மூன்று முனை சீட் பெல்ட் ஆகியவை அடிப்படை வகையிலேயே உள்ளன. 1.2 லிட்டர் எஞ்சினும் அதேதான். கூடுதலாகக் கிடைப்பவை அலாய் சக்கரங்கள், எல்இடி விளக்குகள், பெரிய தொடுதிரை, பின்புறக் கேமரா போன்றவை. இவற்றுள் கேமரா பயனுள்ளதே. அதைச் சில ஆயிரம் ரூபாயில் வெளியிலும் பொருத்திக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கு உண்மையில் பயன்தரும் வசதி வேறொன்று. விடுமுறைக்கு முந்தைய மாலையில் தாம்பரத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்தவருக்கு, கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் படும் பாடு தெரியும். கிளட்ச் இல்லாத ஏஎம்டி கியர் விஎக்ஸ்ஐயிலேயே தொடங்குகிறது. வீட்டுப் பெண்களும் வயது முதிர்ந்தோரும் ஓட்டுவதாயின் பணத்தை இதில் செலவிடுவது பொருத்தம். நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோர் சிஎன்ஜியை எண்ணலாம்; ஆனால் அதில் ஏஎம்டி இல்லை, 265 லிட்டர் டிக்கியில் பெரும்பகுதியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும்.

மழையையும் மறக்கலாகாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் கண்டோம். தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் உயரம் என்பது எல்லாப் படிகளுக்கும் ஒன்றே. விலை கூடிய வகை வெள்ளத்தில் மிதக்காது. நீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் இயக்க முயலாதிருப்பதும், காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்வதும் அலாய் சக்கரங்களைவிட மேலான முதலீடு.

இனி, நாம் பேசத் தயங்கும் செய்தி. மேற்படிக்குப் போதாத தொகையைப் பலர் வட்டிக் கடனால் நிரப்புகின்றனர். இரண்டு லட்சத்தை 9 விழுக்காட்டில் ஐந்தாண்டுத் தவணையாகக் கட்டினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 49,000 ரூபாய். தொகை ஒருபுறமிருக்க, ஹராம் என அறிந்த ஒன்றில் தொடுதிரைக்காகவும் சக்கரப் பளபளப்புக்காகவும் கால்வைப்பதை எந்த நிர்ப்பந்தத்தின் பெயரால் நியாயப்படுத்துவோம்? இதைவிடக் கொடியது, மாப்பிள்ளை வீட்டார் காரின் பெயரோடு வகையின் பெயரையும் சொல்லிப் பெண்ணின் தந்தையிடம் கேட்பது. அது பரிசு அன்று, கைக்கூலி.

வசதியுள்ளவர் ஹலாலான பணத்தில் உயர்ந்த வகையை வாங்குவதில் குற்றமில்லை. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியைத் திருக்குர்ஆன் (25:67) நல்லடியார்களின் பண்பாகக் கூறுகிறது. அந்த அளவுகோலில் நடுத்தரக் குடும்பத்திற்கு விஎக்ஸ்ஐ போதும்; கைப்பணம் அதற்கும் எட்டாவிடில் எல்எக்ஸ்ஐயை வாங்குவதில் வெட்கம் எதுவுமில்லை. ஜும்ஆவுக்கு வரும்போது எந்த வகை என்று கேட்பவருக்குக் கடனில்லாத வகை என்று சொல்லுங்கள்.