வழி கேட்காதவர்கள்

தமிழில் புதுக்கவிதை எழுதுகிறவர்களில் பஸ் ஏறாதவர் இல்லை. ஏறியவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் தெரிவதில்லை. வீட்டில் கிடக்கும் சிறுபத்திரிகைகளையும் தொகுப்புகளையும் புரட்டி, பஸ் பயணத்தைச் சொல்லும் கவிதைகளைப் போன மாதம் தனியே எடுத்து வைத்தேன். இருபதுக்கு மேல் தேறின. எல்லாவற்றிலும் ஜன்னல் உண்டு. பின்னோக்கி ஓடும் மரங்கள் உண்டு. கூடவே வரும் நிலவு உண்டு. கடைசி வரியில் தனிமை உண்டு. ஊர்ப்பெயர் மட்டும் ஒன்றில்கூட இல்லை. மலை வருகிறது, எந்த மலை? நகரம் வருகிறது, எந்த நகரம்? நெடுந்தூரம் ஓடிய திருவள்ளுவர் பஸ் 1997இல்தான் பெயரை இழந்தது, போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்தபோது. கவிதையில் ஓடும் பஸ்ஸுக்குப் பெயர் என்றுமே இருந்ததில்லை.

அவற்றில் ஒன்று என்னுடையது. இந்தப் பத்திரிகையில்தான் வந்தது. ஆகவே வெளியாளின் வசை என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

வங்கியில் என்னைப் பெங்களூருக்கு மாற்றியபோது போன பயணம் அது. ஆலங்குடியில் விடிகாலை ஏறி, புதுக்கோட்டை, திருச்சி, முசிறி, நாமக்கல், சேலம் என்று மாறி மாறி நானூறு கிலோமீட்டருக்கு மேல். சேலம் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறியபின் நிலம் வேறாகிவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று படிப்படியாக உயர்ந்து பெங்களூரில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். நான் போனது பட்டப்பகலில். கவிதையில் அதை இரவாக்கியிருந்தேன். ஏன் என்று இப்போது புரிகிறது. இரவு பஸ்ஸில் உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெளி தெரியாது; தன் முகம்தான் தெரியும். அந்த வசதி எனக்கு வேண்டியிருந்தது.

கவிதையில் விட்டுப்போன இன்னொரு விஷயம், பக்கத்து இருக்கைக்காரர். சேலத்தில் ஏறியவர். பேச்சுக் கொடுத்ததில் வடகாட்டுப் பக்கம் என்று தெரிந்தது, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபின், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்வருகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். முதலில் ‘தம்பி’ என்றவர், பேங்க் என்றதும் ‘சார்’ ஆக்கிவிட்டார். தொப்பூரிலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

“இது என்னா ஊரு சார்? மண்ணு செவப்பா கெடக்கு, என்னா போடுவாக? தண்ணி எத்தனை அடியில இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, படிமம் ஒன்று கூடிவரும் நேரத்தில் கலைக்கிறாரே என்று. அவர் என்னை விட்டுவிட்டுக் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். கேழ்வரகு, மாங்கூழ் ஆலை, ஆயிரம் அடி போனாலும் காற்று வரும் போர்க்கிணறு, குடித்தால் பல்லில் காவி ஏறும் தண்ணீர் – எல்லாம் என் காதில் விழுந்தது. ஒன்றும் கவிதைக்குள் போகவில்லை. அந்தக் காவி, நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடால் வருவது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கவிதையில் அந்த நிலம் ‘மௌனித்துக் கிடந்தது’. அது மௌனிக்கவில்லை. நான் கேட்கவில்லை.

வழி கேட்பது கவிஞனுக்கு இழுக்கு என்று நமக்கு யார் சொன்னது? புதிய நகரத்துக்குப் போன தமிழ்ப் பயணங்களில் பெரிய பயணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. காடுகாண் காதையில் கோவலன் மதுரைக்கு வழி கேட்கிறான். குடமலை மாங்காட்டு மறையவன் பதில் சொல்கிறான். கொடும்பைக் குளக்கரையில் சூலம் போலப் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பை எங்கள் மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பார்கள். மூவர் கோயிலில் இன்று மிஞ்சிய இரண்டு கோயில்கள் நிற்கும் அதே ஊர். (கீரனூர் வழியாகத் திருச்சிக்கு ஓடும் எங்கள் பஸ்ஸுக்கு அது மேற்கே ஒதுங்கிவிடுகிறது.) வலப்பக்க வழியில் எந்த மரங்கள் காய்ந்து நிற்கும், நீருக்கு மான் எங்கே கதறும், எயினர் ஊர் எங்கே வரும், அதன்பின் ஐவன நெல், கரும்பு, தினை, வரகு, பூண்டு, மஞ்சள், கவலைக் கொடி, வாழை, கமுகு என்று ஒவ்வொன்றாக வந்து சிறுமலையை எந்தக் கைப்பக்கம் விட்டுப் போக வேண்டும் என்பது வரை இருக்கிறது. இடப்பக்க வழியில் திருமால்குன்றம், மூன்று பொய்கை, அவற்றில் நீராடினால் கிடைக்கும் அற்புதங்கள். கவுந்தியடிகள் அவற்றை வேண்டாமென்கிறார். நடுவழியில் போகிறார்கள், அங்கே வசந்தமாலை வடிவில் தெய்வம் நின்று கோவலனைச் சோதிக்கிறது. வழியைத் தேர்வது மனிதரைக் காட்டிவிடுகிறது. வழியே இல்லாத கவிதையில் தேர்வதற்கு என்ன இருக்கிறது?

இதற்கு நண்பர்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். நவீன கவிதை உள்முகமானது. பூகோளப் பாடம் அல்ல. அகம் என்பார்கள். அகத்தைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்களா? பொருள் தேடி வேங்கடம் தாண்டிப் போகிறவனைப் பற்றிய பாலைப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். பிரிவைத் தாங்காத மனசைச் சொல்ல அந்தக் கவிகளுக்கு ஓமை மரமும், பொரிந்த கள்ளியும், வழியோரத்து நடுகல்லும் தேவைப்பட்டிருக்கின்றன. அந்த நடுகற்கள் நான் தூங்கிக்கொண்டே கடந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தில் இன்றும் நிற்கின்றன. அதியமானின் தகடூர் என்பது தர்மபுரிதான். இவ்வளவு வெளியை உள்ளே எடுத்துக்கொண்டதால்தான் அது அகம். நம்முடையது வெறும் உள்ளறை.

எதிர்முகாம் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் பஸ்ஸிலும் பயணிகள் இல்லை. ‘உழைப்பாளி’ என்று ஒருவர் இருக்கிறார், சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவர். அவர் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்கமாட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். சாய்ந்த தென்னையைவிட்டு வந்தவருக்கு, இன்னொருவர் மண் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

ஏ. கே. செட்டியார் எங்களுக்குப் பக்கத்துச் சீமைக்காரர், கோட்டையூர். உரைநடையில் அவர் எவ்வளவு கேட்டு, எவ்வளவு குறைத்து எழுதினார்! சிட்டியும் தி. ஜானகிராமனும் ‘நடந்தாய் வாழி காவேரி’க்காக ஆற்றோடு போய்ப் பார்த்தார்கள். உரைநடைக்காரர்களுக்கு இருந்த கூச்சமின்மை கவிஞர்களுக்கு ஏன் வரவில்லை என்பதைக் கவிதை விமர்சனம் இதுவரை ஒரு கேள்வியாகவே எடுக்கவில்லை.

அத்திப்பள்ளி வந்தபோது அவர் பேச்சை நிறுத்தினார். கர்நாடக எல்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்த வாரத்தில் அவர் அங்கே வேலையில் இருந்திருக்கிறார், தென்னை நின்றிருந்தபோதும் போய்வந்த நாட்களில். இந்தப் பக்கத்து பஸ் அங்கே வராது, அந்தப் பக்கத்து பஸ் இங்கே வராது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் நடந்தாராம். கூட்டத்தில் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்களாம்.

“வளி தெரியாதவுகளுக்கு நாந்தான் சார் வளி சொன்னேன்” என்றார்.

அப்புறம் பஸ் மடிவாளாவில் நின்றது. அவர் இறங்கிப் போனார். நான் நோட்டை எடுத்து ‘நிலவு’ என்று ஆரம்பித்தேன்.