இழைப்புளிக்கு ஒரு பிளேடு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே பழைய இழைப்புளிகளும், அதாவது மலையாளிகளின் சிந்தேரும், எண்ணெய் பூசிய அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருக்கின்றன. பிளேடு போய்விட்டால் இழைப்புளியும் போயிற்று என்று தச்சர்களே விற்றுவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்டான்லி 4-ஆம் எண் போன்ற இரும்பு இழைப்புளிக்குக் கவலையே வேண்டாம். அதற்கான 2 அங்குல பிளேடு புதிதாகவே கிடைக்கிறது. அளவுக்கு மீறித் தடித்ததை வாங்கினால்தான் வாயில் சிக்கும்.

மரக்கட்டை இழைப்புளியில்தான் தொல்லை. அதன் பழைய பிளேடு பெரும்பாலும் வெட்டும் முனையில் தடித்து, மேலே போகப் போக மெலியும். ஆப்பும் அந்தச் சரிவுக்கு ஏற்றபடி செதுக்கியது. ஒரே தடிமனுள்ள புதுத் தகட்டைச் செருகினால் ஆப்பு சரியாகப் பிடிக்காது. சீவும்போது தகடு மேலே நழுவும். எனவே பழைய பிளேடையே தேடுங்கள். மேல்துருவுக்கு அஞ்ச வேண்டாம். தட்டைப் பக்கத்தில், முனையருகே ஆழக் குழி விழுந்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். இன்னொன்று: இவற்றில் பல, இரும்புத் தகட்டின் முனைப்பக்கம் மட்டும் எஃகை வைத்து அடித்துச் சேர்த்தவை. அந்த எஃகு ஓர் அங்குலம் மிஞ்சியிருந்தாலும் பல வருடம் உழைக்கும்.

கடைக்கார அன்பர்களே, உளுத்துப்போன கட்டைகளிலிருந்து பிளேடைக் கழற்றித் தனியே விற்கக் கூடாதா? வாங்க நம் தச்சர்கள் இருக்கிறார்கள்.