மணி சொன்ன கடற்கரைக் கதை

முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமா. கதை, கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் மாதம் தொடங்கி நம் தில்லியில் நாயைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. நீதிமன்றம் பேசியது, தொலைக்காட்சி பேசியது, எங்கள் முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பின் பூங்கா பெஞ்சும் பேசியது. பேசாமல் இருந்தது நாய் ஒன்றுதான். ஆகவே எங்கள் வீட்டு மணிக்கு என் பேனாவைச் சற்று நேரம் இரவல் தருகிறேன். அவன் சொல்வதில் பிழை இருந்தால் அது என் பிழை.

இனி மணி.

என் பெயர் மணி. குலம் கோத்திரம் கேட்காதீர்கள். ராஜபாளையமும் அல்ல, சிப்பிப்பாறையும் அல்ல. முனிர்கா கிராமத்துச் சந்தில், காய்கறி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பிறந்தவன். ஒரு மழை நாளில் வீட்டு அம்மா என்னைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அதுவரை எனக்குத் தெரிந்த மனித மொழி ஒரே ஒரு சொல்தான்: 'ஹட்!' இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் 'வாடா', 'உட்காரு', 'சாப்பிட்டியா' எல்லாம் கற்றேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஐயாவின் பேரன் தாத்தா பாட்டியிடம் இந்தியில்தான் பதில் சொல்வான். என்னிடம் மட்டும் தமிழ். மணிக்கு இந்தி புரியாது என்பது அவன் எண்ணம். சந்தில் பிறந்த எனக்கா இந்தி புரியாது? ஆனால் நான் காட்டிக் கொள்வதில்லை. 'ஹட்' என்று யார் சொன்னாலும் காது கேளாதவன் போல உட்கார்ந்திருப்பேன். பிள்ளை தமிழ் பேசட்டுமே!

காலை ஐந்தரை மணிக்கு ஐயாவும் நானும் கிளம்புவோம். அவர் கண்ணால் நடப்பார், நான் மூக்கால் நடப்பேன். மனிதர் மூக்கில் மோப்ப அணுக்கள் ஏறக்குறைய 60 லட்சம், என் மூக்கில் 20 கோடிக்கு மேல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஐயாவுக்குச் செய்தித்தாள் எப்படியோ, எனக்கு விளக்குக் கம்பத்தின் அடி அப்படி. நேற்று இரவு யார் வந்தார், என்ன தின்றார், உடம்பு சரியா இல்லையா, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். அதைப் படித்து முடிக்குமுன் சங்கிலியை இழுப்பது, கையில் இருக்கும் பத்திரிகையைப் பிடுங்குவதற்குச் சமம். ஐயாவுக்கு இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

மே, ஜூன் மாதத்தில் எங்கள் நடை சூரியன் ஏறுமுன் முடிந்துவிடும். எனக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்க வேண்டும். செருப்புப் போட்டவருக்குத் தார்ச் சாலையின் சூடு தெரியாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்தாறு விநாடி தாங்க முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் எங்களாலும் முடியாது.

இது ஒரு புறமிருக்க, நான் கடலைப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

ஐயாவின் அக்கா வீடு சென்னை பெசன்ட் நகரில். 2025 பிப்ரவரியில் என்னையும் அழைத்துப் போனார்கள். முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறையை முழுதாக எடுத்தால் நாயும் கூடவே வரலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டிதான். ஐயா செலவைப் பார்க்கவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 2,182 கிலோமீட்டர். குவாலியரின் வாசனை வேறு, நாகபுரியின் வாசனை வேறு, விஜயவாடாவில் அடித்த ஈரக்காற்று வேறு. ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து 'பதினைந்து நிமிடம் லேட்' என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்றும் உத்தியோகம் போகவில்லை!

மறுநாள் விடியுமுன் எலியட்ஸ் கடற்கரை. கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர் விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபத்தின் அருகே மணலில் கால் வைத்தேன். அன்று எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஆகவே முதலில் வந்தது ஊரூர், ஆல்காட் குப்பங்களின் வாசனை: வலை, கருவாடு, டீசல், அடுப்புப் புகை. அதற்கு அடியில் உப்பு. அதற்கும் அடியில், முனிர்காவின் எந்தக் கம்பத்திலும் நான் படித்தறியாத ஏதோ ஒன்று.

எங்கள் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்புப் படகு எனக்கு மங்கிய பழுப்பு. கடல் மட்டும் குறையில்லாமல் தெரிந்தது. அலை வந்தால் குரைத்தேன், போனால் துரத்தினேன். கடல் நீரை நக்கினேன். பிற்பாடு வாந்தி எடுத்தேன். கடற்கரைக்கு நாயை அழைத்துப் போகிறவர்கள் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துப் போவது நல்லது. உப்பு நீர் எங்களுக்கு விஷம்.

ஐயாவோ செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். முப்பது வருடத்துக்கு மேல் கடல் இல்லாத ஊரில் இருந்தவர். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் வாசனை உண்டு, அன்பர்களே. அன்று இரண்டும் கலந்து வந்தது. அந்தக் கனிவில்தான் அவர் என் சங்கிலியைக் கழற்றிவிட்டார்.

தவறு அங்கே நடந்தது.

அஷ்டலட்சுமி கோயில் பக்கமாக ஓடினேன். மணலுக்குள்ளிருந்து அந்தப் புது வாசனை பலமாக வந்தது. முன்னங்காலால் தோண்டினேன். உருண்டையாக, வெள்ளையாக, மெத்தென்று ஏதோ இருந்தது. ஒன்றைக் கவ்வினேன், உடைந்தது. இரண்டாவதைக் கவ்வும்போது டார்ச் விளக்கு முகத்தில் விழுந்தது. இரவெல்லாம் நடந்து வந்த இளைஞர் சிலர். அவர்கள் என்னை அடிக்கவில்லை. ஐயாவிடம், 'சார், இது ஆமை முட்டை. நாய் பாவம் சார், அதுக்கு என்ன தெரியும்' என்று மட்டும் சொன்னார்கள். ஐயா தலைகுனிந்தார். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும், வெட்கத்தின் வாசனை.

ஒலிவ் ரிட்லி என்னும் பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் ஏறி ஏறக்குறைய நூறு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறதாம். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிந்து, வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடலின் மினுமினுப்பு என்று நினைத்துத் தெருவிளக்கை நோக்கிப் போய் மடிவதும் உண்டு. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்தால் அதிகம். ஆகவே மாணவர்கள் 1988 முதல் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, பருவம்தோறும் இரவில் கரை நெடுக நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வருகிறார்கள். அந்த 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆயிரம் மைல் நீந்தி வந்து முட்டையிட்டுப் போனது ஒரு தாய். அதன் குழந்தைகளில் இரண்டைக் கொன்றது தில்லியிலிருந்து உல்லாசப் பயணம் வந்த நான்.

என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். மோப்பம் என் இயல்பு. சங்கிலி என் கையில் இல்லை.

நிற்க. ஆகஸ்டில் முனிர்கா கலங்கியது. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, தில்லிப் பகுதித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்றது. ஆகஸ்ட் 22-ல் மூவர் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் போட வேண்டும் என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்ற ஆணை வந்தது.

இந்தக் களேபரத்தில் எங்கள் குடியிருப்பு இரண்டு கட்சியானது. தெரு நாய்க்குத் தயிர் சாதம் போடும் ஒரு பாட்டியை நடுரோட்டில் திட்டினார்கள். பாட்டியின் கட்சிக்காரர்கள், நாய் கடித்த ஒரு குழந்தையின் தாயாரைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இரண்டும் அநியாயம். அந்தக் குழந்தையின் வீட்டைக் கடக்கும்போது மருந்தின் வாசனையும் பயத்தின் வாசனையும் எனக்கு வந்தது. நாய் இனத்தின் பெயரால் நான் வெட்கப்படுகிறேன். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்தியம் அல்ல. குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய நாடு நம்முடையது. இன்னும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே சமயம் எல்லா நாயையும் தூக்கிவிட்டால் தீர்ந்ததா? ஐயா ரயில்வே பாஷையில் சொல்வார்: 'காலி பெர்த் அடுத்த ஸ்டேஷனில் நிரம்பிவிடும்.' குப்பையும் எச்சில் சோறும் உள்ள தெருவில், ஊசி போட்ட நாய் போனால் ஊசி போடாத நாய் வந்து உட்காரும். சென்னையில் ஒரு காலத்தில் பிடித்துக் கொன்றுதான் பார்த்தார்கள், தெரு நாய் ஒழியவில்லை. புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே கருத்தடை வழியைக் கையாண்டது. 1996-ல் மாநகராட்சியும் ஏற்றது. அந்த வழியிலும் அரைகுறையாகச் செய்தால் பலனில்லை. பாலத்தில் பாதித் தூண் கட்டிவிட்டு ரயில் விட முடியுமா?

பேனாவை ஐயாவிடம் திருப்பித் தருமுன் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, எங்களை வளர்க்கிறவர்கள் வருடம் தவறாமல் ஊசி போடுங்கள், மாநகராட்சியில் பதிவு செய்யுங்கள், நாங்கள் போட்டதைக் காகிதத்தில் எடுங்கள். அதை மிதித்த அண்டை வீட்டுக்காரர் எங்களைத்தான் சபிக்கிறார்.

இரண்டாவது, தெரு நாய்க்குச் சோறு போடும் புண்ணியவான்கள் கருத்தடைக்கும் ஊசிக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடிப்படி அடியிலும் போடாதீர்கள். சோறு மட்டும் போட்டுவிட்டுப் போவது பாதி தர்மம்.

மூன்றாவது, விடுமுறையில் ஊருக்குப் போய்க் கடற்கரையில் எங்களை நடத்தும்போது, முக்கியமாகத் தை முதல் பங்குனி வரை, சங்கிலியைக் கழற்றாதீர்கள். சங்கிலி எங்களுக்கு அவமானம் அல்ல. அது உங்கள் அறிவு எங்களுக்கு வந்து சேரும் வழி.

மணி பேனாவைத் தந்துவிட்டான். என் கருத்து ஒன்றே ஒன்று பாக்கி. நாமும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். வந்த புதிதில் முனிர்காவில் வீடு தேடி அலைந்தபோது, எங்களைப் பார்த்தும் சிலர் கதவைச் சாத்தினார்கள். இடம் கிடைத்த பிறகு, அடுத்தவனுக்கு இடமில்லை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனால் இடம் பிடித்தவன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும் அதே அனுபவம் கற்றுத் தந்த பாடம்தான்.

இப்போதும் காலை ஐந்தரைக்கு நாங்கள் கிளம்புகிறோம். வெளிவட்டச் சாலையில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் இரையும்போது மணி சில சமயம் நின்று காதைத் தூக்குகிறான். அலை என்று நினைக்கிறானோ என்னவோ. எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. சங்கிலியை இழுக்காமல், அவன் கேட்டு முடிக்கும்வரை நானும் நிற்கிறேன்.