குளிசையை விடுதலும் ஒரு சொல்லின் வரலாறும்

மனச்சோர்வுக்கான குளிசைகளை விட முயல்வோர் படும் துன்பம் அந்நோயே மீளத் தலைதூக்குவதால் விளைவது என்போர் இன்றும் உளர். நோய் மீள்வதுண்டு, அதனை எவரும் மறுத்திலர். ஆயின், அளவு குறைந்த சில நாள்களுள் தலைசுற்றலும் குமட்டலும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற் போன்ற அதிர்வும் தோன்றுகின்றன. முன்னைய சோர்விற் காணப்படாத இவற்றை எந்த நியாயத்தால் நோயின் மீட்சி என்பது?

ஈண்டு ஒரு சொல்லின் வரலாற்றை நோக்குதல் தகும். வலியம் முதலிய அமைதியூட்டிகளைக் குறித்து 'விலகல்' என்ற சொல் தயக்கமின்றி வழங்கிற்று. பேராசிரியை ஹெதர் ஆஷ்ற்றன் 1982 முதல் 1994 வரை நியூகாசிலில் நடத்திய சிகிச்சை நிலையம் அவ்விலகலுக்கென்றே அமைந்தது. புதிய குளிசைகள் பெருகிய 1990களிலோ வேறொரு சொல் வந்து புகுந்தது. 1996இன் இறுதியில் எலை லில்லிக் கம்பனியின் பணவுதவியோடு கூடிய நிபுணர்கள் 'நிறுத்தற் குறித்தொகுதி' என்பதனை முன்வைத்தனர். விலகல் எனின் பழி மருந்தைச் சாரும். நிறுத்தல் எனின் நிறுத்தியவனைச் சாரும். மொழி பயிலும் எம்போன்றோர் இதனைக் கண்டும் காணாதிருத்தல் எங்ஙனம்?

பிரித்தானிய உளமருத்துவர்கள் 1992இல் ஒரு பிரசார இயக்கத்தைத் தொடங்கினர். அதற்குச் சற்று முன் நடந்த கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 78 பேர் இக்குளிசைகள் அடிமைப்படுத்துவன என்றனர். அதனை அறியாமையெனக் கொண்டு திருத்த முற்பட்டனர் கற்றோர். (போதைக்கு ஏங்கும் அடிமைத்தனம் வேறு, இது வேறு என்பது மெய்யே. பொதுமக்கள் சொல்லிற் பிழைத்தனர், பொருளிற் பிழைத்திலர்.)

2004இன் பிரித்தானிய வழிகாட்டி இத்துன்பம் பெரும்பாலும் இலேசானது, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்குவது என்றது. 2019இல் ஹொறோவிற்சும் ரெயிலரும் வெளியிட்ட ஆய்வுரை இரண்டு முதல் நான்கு வாரத்தில் மருந்தை விடுவிக்கும் வழக்கத்தின் பிழையைக் காட்டிற்று. (ஹொறோவிற்சு தாமும் இத்தகைய குளிசையை விட முயன்று இடருற்றவர்.) சிற்றலோபிராமை 40 மில்லிகிராமிலிருந்து 20 ஆகக் குறைத்தால், மூளையில் அது பற்றியிருக்கும் இடம் நூற்றுக்கு ஏறத்தாழ 86இலிருந்து 80 ஆகவே குறையும். எஞ்சும் 5 மில்லிகிராமை ஒரேயடியாக விட்டால் ஏறக்குறைய 60 பங்கு அற்றுப்போகும். சமமாகத் தோன்றும் படிகளுள் கடைசிப் படி கிணற்று விளிம்பாகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அப்போதுள்ள அளவில் ஒரு பங்கையே குறைத்து, கீழே வரவரச் சிறு சிறு துளியாக, வேண்டின் பல மாதங்கள் இறங்கவேண்டும். 2022இன் வழிகாட்டியும் இம்முறையையே ஏற்றது.

இவற்றை வெளிப்படப் பேசினால் நோயாளர் குளிசைகளை வீசியெறிவர் எனச் சிலர் அஞ்சுகின்றனர். வீசியெறிவோர் இப்போதும் எறிகின்றனரே! மருத்துவரிடம் சொன்னால் கண்டிப்பார் என்றெண்ணி இரகசியமாக ஒரே நாளில் நிறுத்தி, வாடி, 'இஃதின்றி எனக்கு வாழ்வில்லை' என மீண்டும் அதனையே தொடர்கின்றனர். அளவறிந்து இறங்கும் வழியை அவர்களுக்குச் சொல்லாதவர் யாவர்? தொடங்குதற்கேற்ற அளவில் குளிசை கடைதோறும் கிடைக்கிறது. நெதர்லாந்தில் நாள்தோறும் அளவு குறையும் பொதிகளும் செய்துள்ளனர். ஏனைய நாடுகளிலோ நோயாளி கத்தியால் குளிசையை நறுக்கிக்கொண்டிருக்கிறான்.